ஊசிப் பந்தி

சொன்னா கதை அளக்கறதாத்தான் நினைப்பேள். ஆனா நடந்தது. திருவனந்தபுரத்துல, கோட்டைக்குப் பக்கத்துல, தூண் வெச்ச பெரிய கட்டடத்துல ஒரு சபை இருந்தது. ஜனங்களுக்கு மருந்தைக் குத்திட்டு, எதிர்த்தாப்பல இலையில சாதத்தையும் வெச்சுட்டு, தொடப்படாதுன்னு உக்கார வெக்கறதுதான் அந்த சபையோட ஜோலி. பேரு என்னன்னு கேட்டா, மதுமேக சஹாய சபை. மதுமேகம்னா சர்க்கரை வியாதி.

கரமனை விஜயத்துக்கு அப்போ பதினஞ்சு வயசு. போன கர்க்கடக மழையில எல்லாரும் சுக்குக் காப்பி குடிச்சிண்டு கிடக்கறச்சே அவ மட்டும் குடம் குடமாத் தண்ணி குடிச்சா. தின்னதெல்லாம் எங்கே போறதுன்னு தெரியலே, தோள் எலும்பு முட்டிண்டு நின்னுது. டாக்டர் வந்து, அவ சிறுநீரை மருந்து விட்டுக் காய்ச்சிப் பாத்துட்டு, அப்பா நாகேஸ்வரனைக் கூடத்துக்குக் கூட்டிண்டு போனார். விஜயம் கதவிடுக்கு வழியாக் கேட்டுண்டிருந்தா.

"இன்சுலின்னு ஒரு மருந்து கப்பல்ல வர்றது ஓய். தினமும் ஊசியாப் போடணும்."

"எத்தனை நாளைக்கு?"

"நிறுத்தற நாள் வரைக்கும் குழந்தை இருப்பா."

அப்போ அடிவயித்துல போய் உக்காந்த பயம் அவளுக்கு அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் போறச்சே அவளையே கூப்பிட்டுச் சொன்னார். "ஊசி போட்டுண்டா அரைமணிக்குள்ள சாப்பிட்டுடணும், கேட்டியா. இல்லேன்னா மருந்து உன்னையே தின்னுடும். வேர்த்துக் கொட்டித்து, கை நடுங்கித்துன்னா ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுக்கோ. வெல்லம் இல்லாம வாசல்படி தாண்டாதே."

ஆத்துல அம்மா சுப்புலக்ஷ்மி இதை வேதவாக்கா எடுத்துண்டா. ஒரு அடுப்புல ஊசி கொதிக்கும், பக்கத்து அடுப்புல உலை கொதிக்கும். ஊசியை எடுத்த கையோட இலையைப் போடுவா. ஒரு நாளும் தப்பினதில்லை.

தப்பினதெல்லாம் ஞாயித்துக்கிழமைதான்.

ஊர்ல இன்சுலின் சபைகிட்டதான் இருந்தது. கப்பல்ல வர்றதை சபைதான் தருவிக்கும், வாரத்துக்கு ஒரு பாட்டில்னு சபைதான் குடுக்கும். தர்மம்தான், ஆனா சும்மாக் குடுக்காது. ஞாயித்துக்கிழமை காலம்பற எல்லாரும் வெறும் வயித்தோட வரணும். சபையிலயே ஊசி போட்டுக்கணும். அப்புறம் சபை செலவுல பந்தி. பந்தி முடிஞ்சு, நன்றி சொல்லிட்டு, பாட்டிலை வாங்கிண்டு போகலாம். பந்தியில உக்காராதவாளுக்குப் பாட்டில் கிடையாது. உபகாரம் வாங்கிக்கறவா முகத்தை உபகாரம் பண்றவா பாக்க வேண்டாமா.

பந்திக்கு ஒரே ஒரு விதி. தலைவர் பேசி முடிச்சு, வந்து உக்காந்து, கையில ஜலத்தை விட்டுண்டு, முதல் கவளம் எடுக்கணும். அதுக்கு முந்தி ஒருத்தரும் இலையில கை வெக்கப்படாது.

ஊசிக்கு எல்லாரும் ஒரே வரிசை. ஒரே ஊசி, ஒரே ஸ்பிரிட் கிண்ணம். இலைக்கு மட்டும் நடுவுல ஒரு கயிறு கட்டியிருக்கும். இந்தப் பக்கம் பிராமணா, அந்தப் பக்கம் மத்தவா. ரத்தம் கலந்தா பாதகமில்லை, ரசம் கலந்தாத்தான் தோஷம்னு சபை ஏகமனசாத் தீர்மானம் போட்டிருந்தது.

இன்சுலின்காராளுக்குக் கூடமாட இருந்து தைரியம் சொல்றதுக்குன்னே ஒருத்தரை நியமிச்சிருந்தா. பிரதான சஹாய கம்பவுண்டர் சாம்பசிவன். மடி வேஷ்டி, இடுப்புல சாவிக்கொத்து. அவரோட சஹாயம் வாசல்லயே ஆரம்பிக்கும். ஒவ்வொருத்தர் வாயையும் முகர்ந்து பாப்பார். தலைப்பு, மடி, சுருக்குப்பை எல்லாம் அவிழ்த்துக் காட்டணும். மதுமேக சபைக்குள்ள மதுரம் நுழையப்படாது.

விஜயத்துக்கு முன்னாடி எப்பவும் முத்தாரம்மாள் நிப்பா. சாலைக் கடைத்தெருவுல பலசரக்குக் கடை வெச்சிருக்கறவர் பெண்சாதி, நாஞ்சில் நாட்டுக்காரி. ஒரு ஞாயித்துக்கிழமை அவ சுருக்குப்பையிலேர்ந்து கறுப்பா ஒரு கட்டி விழுந்துது.

"இது என்னவாக்கும்?" சாம்பசிவன் அதைக் கால் விரலால தள்ளிப் பாத்தார்.

"கருப்பட்டிய்யா. மயக்கம் வந்தா திங்கதுக்கு. டாக்டருதான் வச்சுக்கிடச் சொன்னாவ."

"சர்க்கரை வியாதிக்காரி மடியில கருப்பட்டி. நன்னாருக்கு. மயக்கம் வந்தா நான் இல்லையா அம்மா? அதுக்குத்தானே சஹாய கம்பவுண்டர்னு ஒருத்தன்."

"ஒம்மைக் கடிச்சுத் திங்க முடியுமாவே?"

வரிசையே சிரிச்சுது. சாம்பசிவன் சிரிக்கலே. கருப்பட்டி போச்சு, அடுத்தாப்பல விஜயம் தலைப்புல முடிஞ்சிருந்த வெல்லமும் போச்சு. பிடுங்கின வெல்லமெல்லாம் ஆபீஸ் ரூம்ல ஒரு பரணி ஜாடியில போய்ச் சேரும். ஆபீஸ்காராளோட மூணு மணிக் காப்பிக்கு வெளியிலேர்ந்து சர்க்கரை வாங்கினதே இல்லைன்னு வருஷ ரிப்போர்ட்டில பெருமையாப் போட்டிருந்தது.

ஊசி ஆனப்புறம் குசலம். ஒவ்வொருத்தரையா மேஜைக்குக் கூப்பிட்டு சாம்பசிவன் சுகம் விசாரிப்பார்.

"எப்படி இருக்கே குழந்தை?"

"இங்க உக்காந்திருக்கறச்சே கை நடுங்கறது சார்."

"எந்தப் பக்கம் பாத்துண்டு உக்காந்திருந்தே?"

"மேடைப் பக்கம்."

"மேடையில யாரு?"

"தலைவர்."

"பின்னே நடுங்காதா? அது மரியாதை."

"வேர்த்துக் கொட்டறது சார்."

"மீன மாசத்து வெய்யில்."

"கண்ணு இருட்டிண்டு வர்றது."

சாம்பசிவன் பேனாவைக் கீழே வெச்சார். குரலை இறக்கிண்டு, ரொம்பப் பிரியமாப் பேசினார். "இதோ பாரு விஜயம். மருந்து சீமையில படிச்ச துரைமார் கண்டுபிடிச்சது. பந்தி தலைவர் கண்டுபிடிச்சது. இதுல எதைக் குறை சொல்றே? குறை இருக்கறவாளுக்கு மறுபடியும் பாட்டிலைக் குடுத்துக் கஷ்டப்படுத்தப்படாதுன்னு சபையில விதி இருக்கு. யோசிச்சுச் சொல்லு. எப்படி இருக்கே?"

நிறுத்தற நாள் வரைக்கும்னு டாக்டர் சொன்னது காதுல கேட்டுது.

"சௌக்கியமா இருக்கேன் சார்."

"அடுத்த ஆள்."

அப்பாகிட்டச் சொல்லிப் பாத்தா. சபைத் தலைவர் வெங்கடசுப்ரமணிய அய்யர்தான் அப்பா வேலை பாக்கற சர்க்கார் கச்சேரியிலயும் பெரிய அதிகாரி. ஆத்துக்குள்ள, சமையல்கட்டுல வெச்சு அந்தப் பேரைச் சொன்னாக்கூட அப்பா மேல்துண்டை எடுத்து இடுப்புல கட்டிப்பார்.

"சித்தெ நேரம் பொறுத்துக்கப்படாதா? பெரியவா நாலு வார்த்தை பேசத்தான் செய்வா."

ஆரம்பத்துல நாலு வார்த்தையாத்தான் இருந்தது. அப்புறம் முன்னாடி ஒரு கடவுள் வாழ்த்து சேர்ந்துது. அதுக்கு முன்னாடி ஒரு ஸ்வாகதம். கார்யதரிசி ரிப்போர்ட். ரிப்போர்ட்டைப் பாராட்டி ஒரு பேச்சு. பாராட்டுக்கு ஒரு பதில். ஒவ்வொரு வாரமும் சாதம் இன்னும் கொஞ்சம் ஆறும், மோர் இன்னும் கொஞ்சம் புளிக்கும், வரிசையில இன்னும் ஒருத்தர் சுவத்துல சாஞ்சு உக்காருவா. விஜயம் நாக்கைக் கடிச்சிண்டு, தூணோட கோலத்தை எண்ணிண்டு, முழிச்சிண்டே இருப்பா. மயங்கி விழுந்தா குறை. குறைன்னா பாட்டில் இல்லை.

இப்படியே வந்தது ஆண்டுவிழா ஞாயித்துக்கிழமை.

ஆண்டுவிழான்னா சாமானியமா இல்லை. ஊசிக்கு ஜோசியரை வெச்சு முகூர்த்தம் குறிச்சிருந்தா. முகூர்த்தத்தைத் தள்ளப்படாது, அதனால தலைவர் வரலேன்னாலும் ஊசி போட்டாகணும். தலைவர் இல்லாம பந்தி கூடாது, அதனால ஊசி போட்டாலும் சாப்பிடப்படாது. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாக்கறது சபையில யாரோட ஜோலியும் இல்லை.

நாதஸ்வரத்தோட கெட்டிமேளம் கொட்ட, சாம்பசிவன் வரிசையா ஊசியைக் குத்திண்டே போனார். இலை போட்டா. ஒரு கரண்டி சாதம், முருங்கைக்கீரை, மோர். சமையல்கட்டுலேர்ந்து வெல்லம் போட்ட அடைப்பிரதமன் பாயச வாசனை வந்துது. அது பிரமுகர் பந்திக்கு. பிரமுகர்களுக்கு வியாதி இல்லையே.

தலைவர் வரலே. தம்பானூர்ல ஒரு வாசகசாலை திறந்து வெச்சிண்டிருக்காராம். நாதஸ்வரக்காரர் கீர்த்தனையை முடிச்சு, இன்னொண்ணு எடுத்து, அதையும் முடிச்சு, சீவாளியைத் துடைச்சு வெச்சுட்டார். கோட்டுக்காரர் ஒருத்தர் போட்டோப்பெட்டியை மூணுகால்ல நிறுத்தி, எல்லாரும் சந்தோஷமா இலையைப் பாக்கணும்னார்.

விஜயத்துக்கு முதல்ல உதடு மரத்துது. அப்புறம் பின்கழுத்துல வேர்வை. கீரை பச்சையா இருந்தது, திடீர்னு ரெண்டு பச்சையா ஆச்சு. தூணுக்குப் பக்கத்துல நின்னிண்டிருந்த அப்பாவைப் பாத்தா. அப்பா கைவிரலைக் கீழ்நோக்கி அசைச்சார். உக்காரு, உக்காரு.

கார் வந்தது. மாலை, சந்தனம், பன்னீர், மறுபடி நாதஸ்வரம். வெங்கடசுப்ரமணிய அய்யர் மேடையேறி, தொண்டையைச் செருமி, இலைகளையும் அதுக்குப் பின்னால இருந்தவாளையும் அந்த வரிசையிலயே ஒரு பார்வை பாத்தார்.

"அன்பார்ந்த நோயாளிகளே. தாமதமாகிவிட்டது. ஆனால் தாமதம் செய்தவன் நானல்ல. என்மேல் அன்பு வைத்தவர்கள். வழியில் மூன்று இடத்தில் பலகாரம். வேண்டாம் என்றால் அவர்கள் மனம் நோகும். பிறர் மனம் நோகச் செய்யக் கூடாது என்பது என் பிரின்ஸிபிள். ஆகவே மூன்று இடத்திலும் சாப்பிட்டேன்."

கை தட்டினா. தட்ட முடிஞ்சவா தட்டினா.

"ஆகாரம் பெரிதா, ஒழுங்கு பெரிதா என்று என்னைக் கேட்கிறார்கள். ஆகாரம் நாயும் தின்னும். இலைக்கு முன்னால் காத்திருப்பதை மனுஷ்யன் ஒருவன்தான் செய்கிறான். உங்களை மனுஷ்யர்களாக்குவதற்கு நான் எவ்வளவு நேரமானாலும் பேசத் தயார். சென்ற வருஷம் இந்தச் சபையில் இருபது நிமிஷம் பேசினேன். அப்போது நம்மிடம் சந்தா குறைவு. இன்று நாம் வளர்ந்திருக்கிறோம்."

கயித்துக்கு அந்தப் பக்கம் முத்தாரம்மாள் தலை தொங்கித்து. ஒரு தரம் நிமிந்தா. மறுபடி தொங்கித்து. வாய் ஓரமா எச்சில் வழிஞ்சு சாதத்துல சொட்டித்து.

தலைவரும் பாத்தார். குரல் தழுதழுத்துது. "இதோ, அந்த அம்மாளைப் பாருங்கள். தலை தானாகக் குனிகிறது. இந்த வணக்கத்தை நான் கேட்டு வாங்கவில்லை. சிலர் கை நடுங்குகிறது. சிலர் முகத்தில் நீர் வழிகிறது. இதற்கு மேல் ஒரு தொண்டனுக்கு என்ன வேண்டும்?"

சாம்பசிவன் முதல் ஆளாக் கை தட்டினார்.

விஜயம் எழுந்துட்டா. தைரியம்னு யாரும் நினைக்க வேண்டாம். பயம் ஒரு அளவைத் தாண்டினா காலுக்குப் போயிடும் போலிருக்கு. பந்தியில நடுவுல எழுந்திருக்கறதுங்கறது அந்தக் கட்டடத்துல யாரும் பாத்திராத காரியம். அப்பா "அடியே"ன்னதும், யாரோ தலைப்பை இழுத்ததும், தண்ணிக்குள்ள நடக்கற மாதிரி கால் வழுக்கினதும்தான் அவளுக்கு நினைவு. சமையல்கட்டுல உருளி நிறையப் பிரதமன்.

"தொடாதே குழந்தே, அது பிரமுகர் பந்திக்காக்கும்"னு பரிசாரகர் பிச்சுமணி கரண்டியை நீட்டினார். அவர் நீட்டின கரண்டியாலேயே மொண்டு வாயில விட்டுண்டா. நாக்கு வெந்துது. இன்னொரு கரண்டியை ஒரு வெங்கலச் செம்புல விட்டுண்டு ஓடி வந்தா. கயிறு இடுப்புல இடிச்சுது. காலைத் தூக்கித் தாண்டினா.

முத்தாரம்மாள் மேல வேர்வை மழையில நனைஞ்ச மாதிரி இருந்தது. விஜயம் அவ தாடையைப் பிடிச்சு நிமிர்த்தி, ஆத்தி ஆத்தி, சொட்டுச் சொட்டா உதட்டுல விட்டா. முதல்ல வழிஞ்சுது. அப்புறம் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கித்து. இன்னொரு தரம். ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கைகள் செம்புக்கு நீண்டுது.

தலைவர் பேச்சை நிறுத்தினார். அதுதான் சபை சரித்திரத்துல முதல் தரம்.

"சர்க்கரை"ன்னார் சாம்பசிவன். வீட்டுக்குள்ள பாம்பைக் கண்டவர் மாதிரி மெதுவா. "சபைக்குள்ள, பந்தி நடுவுல, சர்க்கரை. பேரை ரிஜிஸ்தர்லேர்ந்து அடிச்சுட வேண்டியதுதான் சார்."

"யார் இந்தப் பெண்?"

"நம்ம கச்சேரி நாகேஸ்வரன் பொண்ணு."

அப்பா மேல்துண்டு இடுப்புல இருந்தது. அதை இன்னும் எங்கே இறக்கறதுன்னு தெரியாம நின்னார்.

வெங்கடசுப்ரமணிய அய்யர் பெரிய மனசு பண்ணிச் சிரிச்சார். "நான் கோபிக்கவில்லை, குழந்தை. உன் பேரை அடிப்பார்கள், அது விதி. ஆனால் உன் கஷ்டம் எனக்குத் தெரியும். உங்கள் ஒவ்வொருத்தர் கஷ்டத்தையும் என் உடம்பிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எத்தனை தரம் ஆசைப்பட்டிருக்கிறேன் தெரியுமா."

பேரை அடிச்சாச்சுன்னா இனிமே இழக்க என்ன இருக்கு. விஜயத்துக்கு உடம்பு நடுங்கித்து. இது மருந்து நடுக்கம் இல்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சுது.

"அப்போ வாங்கிக்கோங்கோ மாமா."

"என்ன?"

"ஊசி. மேஜையில பாட்டில் இருக்கு, கம்பவுண்டர் மாமா இருக்கார். எங்களுக்குப் போட்ட மாதிரியே ஒண்ணு போட்டுண்டு பாக்கிப் பேச்சைப் பேசுங்கோ. நாங்க கேக்கறோம். எவ்வளவு நேரமானாலும் கேக்கறோம்."

சாம்பசிவன் முகம் வெளுத்துப் போச்சு. மேஜைக்கும் தலைவருக்கும் நடுவுல ஓடி வந்து நின்னு, பாட்டிலை ரெண்டு கையாலயும் மூடிண்டார்.

"அது எப்படிம்மா? ஊசி போட்டுண்டா அரைமணிக்குள்ள சாப்பிட்டாகணும். தலைவருக்குப் பேச்சு இன்னும் பாதிகூட ஆகலையே."

நாதஸ்வரக்காரர்கூட நிமிந்து பாத்தார்.

கயித்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, தரையிலேர்ந்து, நாக்குக் குழறின ஒரு குரல் வந்துது. "கேட்டியளா. அவனுக்குத் தெரியும்லா. இத்தனை நாளும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

அப்புறம் இலையில கை விழற சத்தம்தான் கேட்டுது. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் நாலு, அப்புறம் எல்லாரும். ஆறின சாதம், புளிச்ச மோர். மேடையில தலைவர் நின்னுண்டே இருந்தார், அவர் கையில ஜலம் விட வேண்டிய உத்தரணியைப் பிடிச்சிண்டு கார்யதரிசி நின்னுண்டே இருந்தார்.

சாப்பிட்டு முடிச்சா பாட்டில் வேணுமே. கை கழுவறதுக்குத் தண்ணி எடுத்து வெச்சிருக்கலே. தலைவர் கை கழுவினப்புறம்தான் மத்தவாளுக்கு அண்டாவைத் திறக்கணும்னு அதுக்கும் ஒரு விதி. முத்தாரம்மாள் எழுந்து, விஜயம் தோளைப் பிடிச்சிண்டு, சோத்துக் கையை முன்னால நீட்டிண்டு மேஜைக்கு நடந்தா. அவ பின்னாடி மொத்தப் பந்தியும் வந்துது. மோர் சொட்டற கை, கீரை ஒட்டின கை, ரெண்டு பக்கத்துக் கையும் ஒண்ணா.

சாம்பசிவன் மடியா இருந்தார். "கிட்ட வராதேங்கோ. எச்சக்கை. கிட்ட வராதேங்கோ"ன்னு பின்னால நகந்து நகந்து மேடைப்படியில இடிச்சு உக்காந்தார். கார்யதரிசி அங்கவஸ்திரத்தைத் தூக்கிப் பிடிச்சிண்டு தலைவருக்குப் பின்னால போனார். தலைவர் நாற்காலிக்குப் பின்னால போனார்.

"யாரு பேரை அடிச்சாச்சு, யாரு பேரை அடிக்கல, சொல்லும்வே"ன்னா முத்தாரம்மாள், கையை சாம்பசிவன் வேஷ்டிக்கு நேரா ஆட்டிண்டு.

"ஒருத்தர் பேரும் அடிக்கலே. எடுத்துண்டு போங்கோ. எல்லாரும் எடுத்துண்டு போங்கோ."

விஜயம் இடதுகையால தன் பாட்டிலை எடுத்துண்டா.

சாலை வழியாத் திரும்பி நடக்கறச்சே அப்பா ஒரு கடையில நின்னு ஒரு அச்சு வெல்லம் வாங்கி அவகிட்டக் குடுத்தார். "நாளைக்கு நான் கச்சேரிக்குப் போகணும்"னார்.  விஜயம் வெல்லத்தைத் தலைப்புல முடிஞ்சிண்டா. நாளைக்குக் கச்சேரியில என்ன ஆகும்னு அவளுக்கும் தெரியாது.

ஒரு வாரத்துப் பாட்டில் எத்தனை சீக்கிரம் காலியாகும்னு இன்சுலின்காராளுக்குத்தான் தெரியும். அடுத்த ஞாயித்துக்கிழமை விஜயம் மறுபடி சபைக்குப் போனா. சபை அவசரக் கூட்டம் போட்டு, நடந்ததையெல்லாம் அலசி, தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சு, வாசல்ல புதுசா போர்டு மாட்டியிருந்தது. "கை கழுவாமல் மருந்து கேட்கக் கூடாது." அவ்வளவுதான் அவாளுக்குப் புரிஞ்சது.

உள்ளே மேடையில நாற்காலி போட்டிருந்தது. கயிறு கட்டியிருந்தது. சாம்பசிவன் ஊசியை ஸ்பிரிட்டுல தோச்சு எடுத்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி, "கையை நீட்டு குழந்தை"ன்னார்.

விஜயம் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிண்டா.  

"முதல்ல இலையைப் போடுங்கோ."

சாம்பசிவன் ஊசியோட அடுத்த ஆளைப் பாத்தார். அன்னிக்கு விஜயத்தை முன்னால விட்டிருந்த முத்தாரம்மாள் கையை முந்தானைக்குள்ள சுருட்டிண்டிருந்தா. அவளுக்குப் பின்னால பாத்தார். வாசல் வரைக்கும் வரிசை நின்னுது, ஒரு கைகூட வெளியில இல்லை.